இருபத்து நான்கு சட்டைகளும் ஒரு காஜா பெட்டியும்

இந்த முறை நான் மதுரைக்குப் போனது ஒரு பழைய சண்டையை முடித்துவைக்க. முடித்துவைக்க என்றால், ஜெயிக்க.

மலேசியாவில் நான் இருக்கும் ஈப்போவிலிருந்து ஊருக்குக் கிளம்புகிறவர்கள் சாமி கும்பிடப் போவார்கள், ஜவுளி எடுக்கப் போவார்கள். நான் கைப்பேசியில் மூன்று நிமிட வீடியோ ஒன்றை எடுத்துக்கொண்டு போனேன். அதில் என் பக்கத்து வீட்டு மேடம் லியோங் தன் பழைய கறுப்புத் தையல் மிஷினில் கணவரின் சட்டைக்குக் காஜா போடுகிறார். ஊசிக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவில் ஓர் இரும்புக் கருவி மாட்டியிருக்கிறது. மிஷினை மிதிக்க மிதிக்க அது துணியைத் தானாகவே இடமும் வலமும் அசைத்து, முன்னே கொண்டுபோய், திருப்பி, பின்னே கொண்டுவந்து, பொத்தான் துளைக்கான ஓரத்தைக் கட்டி முடித்துவிடுகிறது. எல்லாம் முடிந்த பிறகுதான் அவர் சின்னக் கத்தரிக்கோலை எடுத்து நடுவில் கீறினார்.

எனக்குத் தையல் வராது. அறுந்த பொத்தானைத் தைக்கவே மேடம் லியோங்கிடம் போகிறவள் நான். ஆனாலும் அந்தக் கடைசி வெட்டைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

"முதலில் வெட்ட வேண்டாமா?" என்று கேட்டேன்.

"வெட்டிய துணியை இதற்குள் வைத்தால் கடித்துத் துப்பிவிடும்" என்றார் அவர் மலாயில். "கையால் கட்டுவதென்றால் முதலில் வெட்டு. இதில் தைத்தால் கடைசியில் வெட்டு. இதுகூடத் தெரியாதா உனக்கு?"

தெரியாது. அது தெரியாததால்தான் முப்பது வருஷமாக அண்ணன் குடும்பத்தோடு ஒட்டியும் ஒட்டாமலும் இருந்தேன்.

என் அண்ணனைக் கட்டிக்கொண்டு சாந்தா மதினி எங்கள் வீட்டுக்கு வந்தபோது எனக்குப் பதினேழு வயது. சிம்மக்கல் பக்கம் ஆறு குடித்தனங்கள் இருந்த காம்பவுண்டு வீடு. மதினிக்குச் சீராக வந்தது ஒரு கறுப்பு மிஷின். அதைவிட மதினியின் கை பெரிய சீர். தையல்கடைக்காரர் ஒருவர் வாரம் இரண்டு கட்டு சட்டை அனுப்புவார். காஜாவெல்லாம் மதினி கையாலேயே கட்டுவாள். முதலில் கட்டு முழுவதையும் பிரித்து எல்லாச் சட்டையிலும் அளவாக வெட்டி அடுக்கிக்கொள்வாள். அப்புறம் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தால் ரேடியோவில் ஒலிச்சித்திரம் முடிவதற்குள் ஒரு சட்டை முடிந்துவிடும். நான் எதிரே உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பேன். கல்லூரியில் நடந்ததெல்லாம் சொல்வேன். அம்மாவிடம் சொல்லாததையும் மதினியிடம் சொல்லியிருக்கிறேன். என் வாழ்க்கையில் நான் மிகவும் சந்தோஷமாக இருந்த இடம் எது என்று கேட்டால், அந்த மிஷினுக்கு எதிரே கிடந்த கோரைப்பாய் என்றுதான் சொல்வேன்.

கல்யாணமாகி ஈப்போவுக்குப் போன மூன்றாவது வருஷம், அங்கே பழைய சாமான் சந்தையில் ஒரு காஜா பெட்டியைப் பார்த்தேன். சாப்பாட்டு டப்பா அளவு. உள்ளே அந்தக் கருவி, துணியை நகர்த்தும் மிஷின் பல்லை மூடும் தகடு, துளையின் அளவுக்குத் தக்க ஐந்து இரும்பு அச்சுகள். கறுப்பு மிஷினுக்கெல்லாம் பொருந்தும் என்றார் கடைக்காரர். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன மதினியின் விரல்தான் கண்ணில் வந்தது. உடனே வாங்கி, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்தனுப்பினேன்.

ஒரு மாதம் கழித்து அண்ணனின் கடிதம் வந்தது. நீ அனுப்பிய ஓட்டைப் பெட்டி இருபத்து நான்கு சட்டைகளை நாசமாக்கிவிட்டது. பள்ளிக்கூடம் திறக்கிற சமயம். கடைக்காரர் இனிமேல் கட்டு தர மாட்டேன் என்றுவிட்டார். உன் மதினி அழுதுகொண்டிருக்கிறாள். குப்பையில் கிடந்ததைப் பொறுக்கி அனுப்புவதற்குப் பதில் சும்மா இருந்திருக்கலாம். இப்படி எழுதியிருந்தான். நானும் சும்மா இருக்கவில்லை. சூடாக ஒன்று எழுதிப் போட்டேன். அதோடு போயிற்று. பிறகு வந்த கடிதங்களில் நலம், நலமறிய அவா. நான் ஊருக்கு வந்தது இரண்டே முறை: அம்மா இறந்தபோதும், அண்ணன் மகள் கல்யாணத்துக்கும். இரண்டு முறையும் ஓட்டலில் தங்கினேன். அண்ணன் இறந்தது கொரோனா வருஷம், விமானமே ஓடவில்லை. எல்லாவற்றையும் அண்ணன் மகன் பாலாதான் கைப்பேசியில் காட்டினான்.

பெட்டி ஓட்டை இல்லை, முதலில் வெட்டியதுதான் தப்பு என்று இப்போது எனக்குத் தெரியும். சொல்ல வேண்டிய அண்ணன் இல்லை. மதினியிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று கிளம்பிவிட்டேன்.

முதல் நாள். பாலா வந்து, அவனும் மதினியும் இப்போது இருக்கும் ஆனையூர் வீட்டுக்கு அழைத்துப்போனான். சாலையெல்லாம் அகலமாகி, எந்தத் திருப்பத்தில் எது இருந்தது என்று எனக்குப் பிடிபடவே இல்லை. "அந்தப் பக்கம் பழைய டீக்கடை இருந்துச்சே?" என்றால் பாலா "நான் பொறக்கறதுக்கு முன்னாடியா அத்தை?" என்கிறான். ஈப்போவிலும் இப்படித்தான் இடிக்கிறார்கள். ஆனால் அங்கே இடிப்பது எதுவும் என்னுடையதில்லை.

மதினி வாசலில் நின்றிருந்தாள். தலை முழுக்க நரைத்து, ஒரு கண்ணில் புரை உரித்ததால் போட்ட கறுப்புக் கண்ணாடி.

"வா தனம். எம்புட்டு எளச்சுப் போயிட்ட" என்றாள். நான் எழுபத்தெட்டு கிலோ.

இரவு நல்லெண்ணெய் ஊற்றி முறுகலாகத் தோசை வார்த்தாள். மல்லிச் சட்னி, மேலே மிளகாய்ப்பொடி. ஈப்போவில் தோசை கிடைக்கும். அரைத்த கை யாருடையது என்பது கிடைக்காது. நான்காவது தோசையோடு பேச்சை எடுத்தேன்.

"மதினி, நான் முன்னாடி அனுப்புன காஜா பெட்டி இருக்கா?"

தோசைக் கரண்டி ஒரு நொடி நின்றது. "அதையா? அத அப்பவே ரோஸ்லின் டீச்சருட்ட குடுத்தாச்சு. மிஷன் பள்ளிக்கூடத்துல தையல் டீச்சரா இருந்தாகள்ல, எதுத்த வீட்டுல."

"இப்ப எங்க இருக்காங்க?"

"கல்லுப்பட்டில. எதுக்குக் கேக்குற?"

"சும்மாதான்" என்றேன். வீடியோவைக் காட்டியிருக்கலாம். ஆனால் எனக்கு அந்தப் பெட்டியே கையில் வேண்டும் என்று பிடிவாதம் வந்துவிட்டது. முப்பது வருஷப் பழிக்கு மூன்று நிமிட வீடியோ போதாது.

இரண்டாம் நாள். தெருமுனைத் தள்ளுவண்டியில் பருத்திப்பால் குடித்தேன். சுக்கும் கருப்பட்டியும் தொண்டையில் இறங்கியபோது எனக்கு இருபது வயதாகிவிட்டது. தம்ளரைத் திருப்பிக் கொடுத்ததும் மறுபடி ஐம்பத்தெட்டு. அங்கிருந்து ஆட்டோ பிடித்து, ஜவுளிக்கடைகள் நிறைந்த விளக்குத்தூண் போனேன். புதுத்துணிக் கஞ்சி வாடை மட்டும் அப்படியே இருக்கிறது. அதன் பின்சந்து ஒன்றில் தையல் மிஷின் பழுது பார்க்கும் கடை இருப்பதாகப் பாலா சொல்லியிருந்தான்.

கடைக்காரர் நாற்பது வயதுக்காரர், சௌராஷ்டிரர். கைப்பேசியில் வீட்டோடு அவர்கள் மொழியில் நீளமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஏதோ பெரிய விஷயம் என்று நான் மரியாதையாகத் தள்ளி நின்றேன். முடித்ததும் அவராகவே சொன்னார்: "ஒண்ணுமில்லக்கா. மதியத்துக்குக் கத்திரிக்கா வேணாம்னேன். ஏற்கெனவே வதக்கியாச்சாம்."

காஜா பெட்டி என்றதும் அலமாரியிலிருந்து நான்கைந்தை எடுத்து வைத்தார். பச்சை, மெரூன், ஒன்று பிசுக்கேறிய தகரம். ஒன்றைத் திறந்து அச்சைச் சுழற்றிக் காட்டினார். கோட்டு சூட்டுக்கு ஒரு முனை மட்டும் வட்டமாகச் சாவித்துளை போல வரும் அச்சும் இருந்தது. பல்லு மேல தகடப் போட்டு துணி நகராமப் பண்ணணும், அப்புறம் நகத்துறது இதோட வேலை என்றார்.

"இது கெட்டுப்போகுமா?" என்று கேட்டேன்.

"கெட்டுப்போற சாமானே இல்லக்கா. ஆனா கைக்காஜா போட்டவுக அம்புட்டுப் பேரும் கெட்டுப்போச்சுன்னுதான் கொண்டாருவாக. பழக்கத்துல மொதல்ல வெட்டிப்புடுவாக. வெட்டுன துணிய இதுல வச்சா இழுத்துப் பிச்சுரும்ல. நான் எண்ணெய் போட்டு, துடைச்சு, திருப்பிக் குடுக்குறதோட சரி."

எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. இதைத் துணிக்கடைத் தெரு முழுக்க ஒலிபெருக்கியில் சொல்லச் சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது.

மூன்றாம் நாள், மாட்டுத்தாவணி பேருந்து நிலையம். பூச்சந்தைப் பக்கமிருந்து வந்த மல்லிகை வாசனையும் பேருந்துகளின் டீசல் புகையும் ஒன்றாகக் கலந்து நின்றன. தூரத்தில் யானைமலை. எங்கள் ஈப்போவைச் சுற்றியும் மலைகள் உண்டு, ஆனால் அவை பச்சை போர்த்திக்கொண்டு நிற்கும்; இது வெறும் உடம்போடு படுத்திருக்கிறது. மலையைப் பார்த்துக்கொண்டே, ஜன்னலோர இருக்கை காலியாக இருந்த வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை. தெற்கே போகிற வண்டியெல்லாம் கல்லுப்பட்டி போகும் என்பது என் இளமைக்கால ஞானம்.

"கல்லுப்பட்டியா?" என்றார் நடத்துநர். "இது திருநெல்வேலி வண்டிக்கா. நாலு வழி ரோட்டுல நேரா போயிரும். கல்லுப்பட்டி ராஜபாளையம் ரோட்டுல இருக்கு. மலேசியாவா?"

"மதுரை" என்றேன் ரோஷமாக.

"மதுரக்காரவுக இந்த வண்டில ஏற மாட்டாக" என்று சொல்லி, திருமங்கலத்துக்கு வெளியே மேம்பாலத்தடியில் இறக்கிவிட்டார். வெயிலில் ஒரு கிலோமீட்டர் நடந்து ஊருக்குள் போய், ஒரு டீயும் இரண்டு பருப்புவடையும் சாப்பிட்டுவிட்டு டவுன் பஸ்ஸைப் பிடித்தேன். பக்கத்து இருக்கையில் ஒரு வெங்காய மூட்டை டிக்கெட் வாங்காமல் உட்கார்ந்து வந்தது. திருமங்கலம் தாண்டியதும் மண் கறுத்துவிடுகிறது. மக்காச்சோளத் தட்டைகள், வெடித்த பருத்தி, இடையிடையே கருவேலம். பள்ளி விடுமுறையில் இந்த வழியே அண்ணன் என்னை அழைத்துப்போயிருக்கிறான். ஜன்னலோரம் எனக்குத்தான். என்னிடம் கோபித்துக்கொண்ட அண்ணனை மட்டுமே முப்பது வருஷமாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன் என்று அந்த வண்டியில்தான் உறைத்தது.

கல்லுப்பட்டியில் இறங்கி, அங்கிருக்கும் ஓர் ஆசிரமத்தைத் தாண்டினால் இரண்டாவது தெருவில் ரோஸ்லின் டீச்சரின் வீடு. அவருக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். நிமிர்ந்த முதுகு, இஸ்திரி போட்ட சேலை. முன்னறையில் மூன்று மிஷின்கள். இரண்டு பெண்கள் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்தார்கள். ஓரத்து மிஷினில் என் பெட்டியின் கருவி மாட்டியிருந்தது. அச்சுகள் எண்ணெய் மினுக்கத்தோடு பெட்டியில் வரிசையாக இருந்தன. ஐந்தும்.

"ஓடுதா டீச்சர்?" என்றேன்.

"ஒரு நாளும் நிக்கல. நீங்கதான அனுப்புனது? சாந்தா சொல்லிருக்கா." டீச்சர் கருப்பட்டிக் காப்பியும் சாத்தூர்ச் சேவும் கொண்டுவந்து வைத்தார். "பாவம், அவதான் கைக்காஜா நெனப்புல மொதல்லயே எல்லாத்தையும் வெட்டிப்பிட்டா. அதுவும் பெட்டில இருந்த பெரிய அச்சு நீளத்துக்கு. ரெண்டு சட்டைய மிஷின் பிச்சிருச்சு. மிச்சத்துக்குக் கையால கட்டியும் பொத்தான் நிக்கல, நழுவிருச்சு. மூணாம் நாளு அழுதுக்கிட்டே எங்கிட்ட தூக்கிட்டு வந்தா. நான் ஒரு துண்டுத் துணில தச்சு, அப்புறமா வெட்டிக் காட்டுனேன். பாத்துட்டு அப்படியே உக்காந்துட்டா."

மூன்றாம் நாளே மதினிக்குத் தெரியும். நான் எதைச் சொல்ல விமானம் ஏறி வந்தேனோ, அது அவளுக்கு முப்பது வருஷமாகத் தெரியும். ஒரு வார்த்தை சொல்லவில்லை. பழி என் தலையில் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறாள். வந்த கோபத்தில் காப்பித் தம்ளரை டக்கென்று கீழே வைத்தேன்.

டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. பெட்டியின் மூடியைத் திருப்பிக் காட்டினார். "இங்க ஒரு பேப்பர் இருக்கணும். எப்பிடிப் போடுறதுன்னு போட்டிருக்கும். எல்லாப் பெட்டிலயும் வரும். உங்களதுல வரல. பழைய சாமான்ல விழுந்திருக்கும்."

விழவில்லை. மூடிக்குள் மடித்துச் செருகியிருந்த தாளை நான்தான் எடுத்தேன். இங்கிலீஷில் இருந்தது. மதினி ஐந்தாம் வகுப்பு, அவளுக்கு இது எதற்கு என்று நினைத்தேன். அந்த இடத்தில் என் கடிதத்தை வைத்து அனுப்பினேன். புது வீடு, ஃபிரிட்ஜ், வாரம் ஒரு முறை சினிமா என்று நான்கு பக்கம். அந்தத் தாளைப் பற்றி முப்பது வருஷத்தில் ஒரு முறைகூட நான் நினைத்ததில்லை.

"வேணும்னா பெட்டிய எடுத்துட்டுப் போங்க" என்றார் டீச்சர். ஓரத்து மிஷினில் இருந்த பெண் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள்.

"வேணாம் டீச்சர். இங்கயே இருக்கட்டும்" என்றேன். யாரிடம் காட்ட அது எனக்கு?

திரும்பும் வழியில் சரியான வண்டி, ஜன்னலோர இருக்கை. எதையும் பார்க்கவில்லை. மதினி மேல் கோபம் பொங்கும்போதெல்லாம் அந்தத் தாள் குறுக்கே வந்தது. தாளை நினைத்துக் கூசும்போது மதினியின் மௌனம் குறுக்கே வந்தது. வீடு வந்ததும் தலைவலி என்று படுத்துவிட்டேன்.

நான்காம் நாள் காலை. பாலா வேலைக்குப் போய்விட்டான். மதினி சமையலறைத் தரையில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ரோஸ்லின் டீச்சரப் பாத்தேன் மதினி."

"கல்லுப்பட்டின்னு சொன்னப்பவே நீ போவன்னு தெரியும்." கை நிற்கவில்லை. "சொல்லிட்டாகளா?"

"சொல்லிட்டாங்க. மூணாம் நாளே ஒங்களுக்குத் தெரியும்னு."

"மூணாம் நாளு எனக்குத் தெரிஞ்சுச்சு. உங்கண்ணன் ஒனக்கு லெட்டர் போட்டது ரெண்டாம் நாளு."

"அண்ணன்ட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா மிஷின வித்திருப்பாரு. பொம்பள தச்சுக் குடும்பம் ஓட்டணுமான்னு ஏற்கெனவே சொல்லிக்கிட்டு இருந்தவரு. வேற கடைல கட்டு வாங்கலாம்னு நான் அலஞ்சுக்கிட்டு இருந்தேன். என் தப்புன்னு தெரிஞ்சிருந்தா அன்னைக்கோட முடிஞ்சிருக்கும்."

"அதுக்கு என்னைத் திட்டவிட்டீங்க."

"ஆமா" என்றாள். "நீ தூரத்துல இருந்த. நான் இங்க இருந்தேன்."

மழுப்பாமல் சொன்னாள். அதற்குமேல் என்னால் கத்த முடியவில்லை. "எனக்காவது எழுதியிருக்கலாமே மதினி" என்றேன்.

"எங்குட்டு எழுத? லெட்டர் எழுதுறது அவரு. கடைசில, ஒன் மதினி விசாரித்ததாகச் சொன்னாள்னு அவரே எழுதிக்குவாரு. நான் விசாரிச்சேனான்னுகூடக் கேட்டதில்ல. அப்புறம் போன் வந்துச்சு. அது அவரு கையில. இப்ப படம் தெரியிற போன் வந்துருக்கு. அது பாலா கையில." கீரைக் காம்பை ஒடித்து ஓரமாகப் போட்டாள். "நீ ஒரு தடவ தனியா வருவ, எதுக்க உக்காருவ, அப்பச் சொல்லணும்னு வச்சிருந்தேன். ரெண்டு தடவ வந்த. ரெண்டு தடவையும் ஓட்டலுக்குப் போயிட்ட."

சமையலறை ஜன்னல் வழியாகப் பழைய இரும்பு வாங்குகிறவரின் குரல் கேட்டு, தெருவைக் கடந்து போயிற்று. நான் அந்தத் தாளைப் பற்றிச் சொன்னேன். மூடியிலிருந்து எடுத்ததை, எதற்காக எடுத்தேன் என்பதை, அதற்குப் பதிலாக என்ன வைத்தேன் என்பதை. எதையும் விடவில்லை.

மதினியின் கை அப்போதுதான் நின்றது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"இங்கிலீசுன்னு எடுத்துட்ட, சரி. அதுல படம் போட்டிருந்துச்சா?"

தாள் முழுதாகக் கண்ணுக்குள் வந்தது. கோட்டோவியங்கள். பக்கத்தில் எண்கள்.

"இருந்துச்சு மதினி. மூணு படம். கத்தரிக்கோல் மூணாவது படத்துலதான் இருந்துச்சு."

"படம்னா எனக்குப் புரிஞ்சிருக்குமே, தனம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் சமையலறைத் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மதினி அழவில்லை, தேற்றவும் இல்லை. நான் மூக்கை உறிஞ்சி முடிக்கும்வரை கீரையை உருவிக்கொண்டே இருந்தாள். பிறகு பாதிக் கீரையை அள்ளி என் முன்னால் போட்டாள்.

"காம்பு இல்லாம உருவு" என்றாள்.